ரேக்கில் இருந்த எட்டுக் குழாய்கள்

சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, அவை நிறம் மாறுவதைப் பார்த்து, நோயாளியின் உடம்பில் புகுந்த பாக்டீரியா இன்னதென்று பெயர் சொல்லும் வேலைமுறை எங்கள் ஊர்ப் பக்கத்து ஆய்வகங்களில் காலமாகிவிட்டது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் வி.பி. சோதனைக்கான குழாயை நிறுத்தினார்கள். பிறகு சர்க்கரைக் குழாய்கள் போயின. நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவின் வாஷர் தேய்ந்தபோது புது வாஷர் வாங்க யாருக்கும் தோன்றவில்லை. பெரிய சாவுக்கு உண்டான ஒப்பாரி எதுவும் எழவில்லை. வயது நூற்று நாற்பது இருக்கும், பிறந்தது பெர்லினில்.

திருத்தணியில் அதன் கடைசிக் காலத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் நான். மலையடிவாரத்தில், மருந்துக்கடைக்கு மேல் மாடியில், இரண்டே அறை கொண்ட லேப். லேப் டெக்னீஷியன் படிப்பான டி.எம்.எல்.டி. முடித்த கையோடு அங்கே சேர்ந்தேன். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்த ஊர் இது. நோயாளிகளுக்கு அந்த எல்லைக்கோடு ஒரு பொருட்டே இல்லை. நகரி, புத்தூர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் "ரிப்போர்ட்டு ஒச்சிந்தா?" என்பார்கள். பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை விசைத்தறிக்காரர்கள் "ரிசல்ட்டு வந்துச்சாண்ணா?" என்பார்கள். கல்ச்சர் என்றால் இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: நாளன்னிக்கு வாங்க.

அந்த "நாளன்னிக்கு"தான் கடைசியில் இந்த வேலைமுறையைக் கொன்றது. அதைப் பிறகு சொல்கிறேன்.

மீடியா தயாரிப்பதில் தொடங்கும் வேலை. பாக்டீரியாவுக்குச் சோறு போட்டு வளர்த்தால்தான் அதன் குணம் தெரியும். அந்தச் சோறுதான் மீடியா. ராபர்ட் கோக் தொடக்கத்தில் ஜெலட்டினில் வளர்த்துப் பார்த்தார். உடம்பின் சூட்டுக்கு ஜெலட்டின் உருகிவிடும். சில கிருமிகள் அதையே தின்று கரைத்தும்விடும். அவருடைய ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேவின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, வீட்டில் பழப்பாகு கெட்டிப்பட அகர் சேர்க்கும் பழக்கம் உள்ளவர். ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய டச்சுக் குடும்பத்திடமிருந்து கற்ற கைப்பக்குவம். அதையே முயன்று பார்க்கச் சொன்னார். காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததாக 1882-இல் கோக் அறிவித்த கட்டுரையில் அகர் இருக்கிறது. அந்த அம்மாவின் பெயர் இல்லை. மைக்ரோபயாலஜி பாடப் புத்தகங்களில் கிராம், பெட்ரி, மெக்காங்கி என்று ஆண்களின் பெயர்கள் தட்டிலும் சாயத்திலும் ஒட்டிக்கொண்டிருக்க, சமையலறையிலிருந்து வந்த பொருளுக்கு மட்டும் உரியவரின் பெயர் வாய்க்கவில்லை.

அகர் நமக்கும் அந்நியமல்ல. ரம்ஜான் மாதத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பு அதுதான். மண்டபம், ராமேசுவரம் கரைகளில் பெண்கள் மூழ்கிப் பறித்து வரும் மரிக்கொழுந்துப் பாசி 1960-கள் முதல் அகர் ஆலைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

எங்கள் லேபுக்கு மீடியா டப்பாவில் பொடியாக வரும். மெக்காங்கி அகர் என்றால் லிட்டருக்கு ஐம்பது கிராம் சொச்சம். தராசில் நிறுத்து, காய்ச்சி வடித்த தண்ணீரில் கரைத்து, ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் பதினைந்து நிமிடம். வெளியே எடுத்தவுடன் ஊற்றக் கூடாது. தட்டின் மூடியில் நீராவி கோத்துக்கொள்ளும். ஆறவிட்டாலும் கட்டி தட்டிவிடும். ஐம்பது டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கும்போது ஊற்ற வேண்டும். எங்கள் சீனியர் தெர்மாமீட்டரைத் தொட்டதே இல்லை. குடுவையைப் புறங்கையில் வைத்துப் பார்ப்பார், "ம், ஊத்து" என்பார். குழந்தைக்குப் பால் ஆற்றுகிறவரின் கை.

கோடையில் வேறு தொல்லை. வானிலைச் செய்தியில் "அதிகபட்ச வெப்பநிலை" என்றதும் அடிக்கடி வாசிக்கப்படும் பெயர் எங்கள் ஊருடையது. இன்குபேட்டர் 37 டிகிரியில் நிற்க வேண்டும். மே மாதம் மாடி அறையே நாற்பதைத் தாண்டி நிற்கும். அந்தப் பெட்டிக்குச் சூடேற்றத்தான் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. சுவிட்சை அணைத்துவிட்டுக் கீழ்த்தளத்தின் நிழலான மூலைக்கு அதைத் தூக்கிக்கொண்டு போவோம்.

மெக்காங்கி தட்டு பாதிக் கதையைச் சொல்லிவிடும். அதில் பித்த உப்பு இருக்கிறது. குடலில் வாழப் பழகாத கிருமிகள் பல அங்கேயே ஒழிந்துபோகும். லாக்டோஸ் சர்க்கரை இருக்கிறது. அதைப் புளிக்க வைக்கும் கிருமியின் காலனி அழுத்தமான இளஞ்சிவப்பாகும், புளிக்க வைக்காதது நிறமில்லாமல் வெளிறிக் கிடக்கும். லேப் பேச்சில் இரண்டு சாதிதான்: புளிக்க வைப்பது எல்.எஃப்., வைக்காதது என்.எல்.எஃப். சிறுநீர் மாதிரியில் இளஞ்சிவப்பு வந்தால் பெரும்பாலும் ஈ.கோலை அல்லது கிளெப்சியெல்லா. கிளெப்சியெல்லா காலனி கோழையாக, வழவழவென்று இருக்கும். லூப் எனும் வளையக் கம்பியால் தொட்டு இழுத்தால் நூல் வரும். காய்ச்சல்காரரின் ரத்தத்திலிருந்து வெளிறிய காலனி வந்தால் எல்லோரும் நிமிர்ந்து உட்காருவோம்.

டைபாய்டைப் பிடித்த விதத்தைச் சொன்னால்தான் மறைந்தவரின் பெருமை புரியும். ஆடிக் கிருத்திகை முடிந்து ஊர் காலியாகும் வாரம். காவடி எடுத்து மலையேறி, கிடைத்த தண்ணீரைக் குடித்து, ஊர் திரும்பிய ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சலோடு வருகிறவர்கள் இருப்பார்கள். முதல் நாள் ரத்தம் எடுத்துப் பித்தநீர் கலந்த திரவ மீடியா பாட்டிலில் விட்டுவைப்போம். மறுநாள் அதிலிருந்து ஒரு லூப் எடுத்து மெக்காங்கியில் கோடு. நிக்ரோம் கம்பியை ஸ்பிரிட் விளக்கில் செக்கச்சிவக்கப் பழுக்க வைத்து, ஆறவைத்து, தட்டின் ஒரு மூலையில் தேய்த்து, மறுபடி பழுக்க வைத்து அங்கிருந்து அடுத்த மூலைக்கு இழுத்து, இப்படி நான்கு முறை. நான்காவது கோட்டில் கிருமிகள் தனித்தனியாக விழுந்து, ஒவ்வொன்றும் ஒரு காலனியாக எழும்பும். மூன்றாம் நாள் காலையில் வெளிறிய காலனி. அதில் ஒன்றைத் தொட்டுத்தான் ரேக்கில் ஏற்றுவது.

முதலில் டி.எஸ்.ஐ. சாய்த்து உறைய வைத்த சிவப்பு அகர். மூன்று சர்க்கரைகள், கொஞ்சம் இரும்பு உப்பு. ஊசிக் கம்பியை அடி வரை குத்தி, எடுக்கும்போது சாய்வின் மேல் கோலமாக இழுக்க வேண்டும். மறுநாள் காலையில் அடி மஞ்சள், சாய்வு சிவப்பு. குத்திய தடத்தில் ஒரு பொட்டு கறுப்பு. வெடிப்போ குமிழியோ இல்லை. கறுப்பு, கந்தகத்திலிருந்து வரும் வாயு இரும்போடு சேர்ந்த கறை. டைபாய்டு கிருமி அதை மிகக் கொஞ்சமாகவே விடும். அடி முழுக்கக் கறுத்திருந்தால் வேறு ஆள். பதினெட்டு மணியிலிருந்து இருபத்துநாலு மணிக்குள் பார்த்துவிட வேண்டும். சோம்பி மாலையில் பார்த்தால் மஞ்சளாக நின்றதும் சிவப்புக்குத் திரும்பியிருக்கும், பொய் சொல்லும்.

அடுத்து மானிட்டால் சர்க்கரைக் குழாய். அதற்குள் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு குட்டிக் குழாய் மிதக்கும். டர்ஹாம் குழாய் என்று பெயர். கிருமி வாயு விட்டால் குட்டிக் குழாயின் தலையில் குமிழி நிற்கும். டைபாய்டுக் கிருமி சர்க்கரையைப் புளிக்க வைக்கும், வாயு விடாது. அதன் பங்காளி பாராடைபாய்டு ஏ வாயு விடும். மிளகளவுகூட இல்லாத அந்தக் குமிழியைப் பார்க்கக் குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்ற சீனியரின் முதுகு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சிட்ரேட் குழாய் பச்சையாகவே நின்றால் சரி, நீலமானால் டைபாய்டு இல்லை. யூரியா குழாய் ரோஜா நிறமாகக் கூடாது; சில மணி நேரத்திலேயே ஆகிவிட்டால் அது புரோட்டியஸ், தட்டு முழுக்க அலையலையாகப் பரவி அடுத்த காலனிகளையும் மூடிவிடும் அடங்காப்பிடாரி. இண்டோல் குழாயில் கோவாக்ஸ் திரவத்தை ஓரமாக இறக்கினால் செந்நிற வளையம் வரக் கூடாது. எல்லாம் ஒத்துவந்த பிறகு கண்ணாடித் துண்டில் எதிர்ப்பொருள் கொண்ட ஆன்டிசீரம் ஒரு சொட்டு, அதில் கிருமியைக் குழைத்து ஆட்டினால் மணல் மணலாகத் திரள வேண்டும். அப்போதுதான் "சால்மோனெல்லா டைஃபி" என்று சீனியர் தன் கையால் எழுதுவார். கூடவே எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்ற பட்டியலும் போகும்.

இண்டோலைப் பற்றி ஓர் இடைச்செருகல். ஈ.கோலை நிறைய வளர்ந்த குழாயின் பஞ்சை எடுத்தால் வரும் வாடையில் பெரும்பங்கு இண்டோலுடையது. மல்லிகைப் பூவின் மணத்திலும் அதே இண்டோல் இருக்கிறது. புஷ்பக் காவடி எடுக்கிற ஊரில், வாசலில் மல்லிச்சரம் மணக்க, உள்ளே கோவாக்ஸ் சொட்டு விட்டுக்கொண்டிருந்தது ஒரே வேதிப்பொருளைத் தேடித்தான். மூக்கும் ஒரு கருவியாக இருந்த காலம். சூடோமோனாஸ் பச்சை நிறம் காட்டும் முன்னரே திராட்சை வாடையால் காட்டிக்கொடுத்துவிடும். தட்டை முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது இன்றைய பாதுகாப்பு விதி, சரியான விதிதான்.

மறைந்தவருக்கு எங்கள் மாவட்டத்தோடு இன்னொரு வகையிலும் உறவு உண்டு. காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்று பார்க்க, 1968-இல் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் உலகின் மிகப் பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். லட்சக்கணக்கான மக்கள், பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்த கண்காணிப்பு. எக்ஸ்ரேயில் சந்தேகம் வந்தவர்களின் சளி, முட்டையும் மாலகைட் பச்சையும் சேர்த்து உறைய வைத்த லோவன்ஸ்டைன்-ஜென்சன் சாய்வுகளில் ஏறியது. அந்தக் கிருமி வளர ஆறு வாரம், எட்டு வாரம். பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று முதல் முடிவு வெளியானபோது உலகமே திகைத்தது. அப்படி ஒரு கசப்பான முடிவை ஒருவரும் மறுக்க முடியாதபடி நிறுத்தியதில், வாரக்கணக்கில் காத்திருந்து எண்ணிய பச்சைச் சாய்வுகளுக்குப் பங்கு உண்டு.

இதைவிட எனக்குப் பிடித்த கதை 1992-இல் நடந்தது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் சென்னையில் வாந்திபேதி. எங்கள் ஊரிலிருந்து ஒரு பக்கம் போனால் சென்னை, மறுபக்கம் போனால் வேலூர், அங்கே சி.எம்.சி. மருத்துவமனையிலும் அதே போன்ற நோயாளிகள். தட்டில் வளர்ந்தது காலராக் கிருமி போலவே இருந்தது: டி.சி.பி.எஸ். அகரில் மஞ்சள் காலனி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ், குழாய்கள் எல்லாம் காலரா என்றே சாட்சி சொல்லின. கடைசிப் படியில் ஓ1 ஆன்டிசீரத்தைச் சொட்டினால் திரளவில்லை. கொள்ளைநோயாகப் பரவும் காலரா ஓ1 வகை மட்டுமே என்பது அதுவரை அசைக்க முடியாத பாடம். திரளாதவற்றை "காலரா அல்லாதது" என்று ஒதுக்குவதே வழக்கம். ஆனால் இந்தத் திரளாத ஆள் ஊரையே படுக்க வைத்துக்கொண்டிருந்தான். வேலூர் சி.எம்.சி.யின் ஜேசுதாசனும் டி. ஜேக்கப் ஜானும் இந்த மாற்றத்தை 1993-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். கல்கத்தாவிலும் வங்கதேசத்திலும் அதுவே பரவியது. அன்று கையிருப்பில் இருந்த 138 வகை ஆன்டிசீரங்களில் எதற்கும் அது இணங்காததால் 139 என்று புது எண் கொடுத்தார்கள். ஓ139 வகைக்கு அடையாளமாக வைத்திருக்கும் மாதிரிக் கிருமியின் பெயர் எம்.ஓ.45, அது சென்னையில் பிரித்தெடுத்தது. "பெங்கால்" என்ற செல்லப்பெயர் வங்காள விரிகுடாவால் வந்தது.

ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் ஒத்துப்போனதும், அந்த ஒன்றை யாரோ கவனித்ததும்தான் அங்கே நடந்தது. ரேக் வேலையின் சாரமே அதுதான். பெயரோடு கூடவே, அந்தப் பெயர் எவ்வளவு பொருந்துகிறது, எங்கே உதைக்கிறது என்பதையும் அது கண்முன் வைத்தது.

இப்போது சாவுக்கு வருவோம். பெரிய மருத்துவமனைகளில் அதற்கு முறையான வாரிசு இருக்கிறது. வைடெக் இயந்திரத்தின் அட்டையில் 64 குட்டிக் குழிகள். அவற்றுக்குள் இருப்பவை ஏறக்குறைய அதே பழைய சோதனைகள்தான், நிறத்தை நம் கண்ணுக்குப் பதில் ஒளிக்கற்றை படிக்கிறது. அதற்கும் அடுத்து வந்தது மால்டி-டாஃப். காலனியில் ஒரு துளியை உலோகத் தட்டில் தடவி லேசர் அடித்தால், கிருமியின் புரதங்கள் பறந்து போகும் வேகத்தை அளந்து, சில நிமிடங்களில் பெயர் சொல்லிவிடும். ஐ.சி.யு.வில் ஒருவர் சாகக் கிடக்கும்போது சர்க்கரைக் குழாய் மஞ்சளாகட்டும் என்று மறுநாள் வரை காத்திருங்கள் என எந்த மடையனும் சொல்ல மாட்டான். காசநோயில் எட்டு வாரத்துக்குப் பதில் இரண்டு மணி நேரத்தில் ஜீன்எக்ஸ்பர்ட் பதில் சொல்கிறது. இந்தச் சாவுகளுக்கு நான் அழவில்லை, கல்யாணச் சாவு.

மால்டிக்கும் குறை உண்டு. ஈ.கோலையையும் சீதபேதி உண்டாக்கும் ஷிகெல்லாவையும் அது நம்பகமாகப் பிரிப்பதில்லை. காலரா என்று சொல்லும், ஓ1-ஆ ஓ139-ஆ என்று சொல்லாது. மண்ணிலிருந்து தொற்றும் மெலியாய்டோசிஸ் கிருமியின் பெயர் அதன் தரவேட்டில் இல்லையென்றால் ஒன்றுவிட்ட தம்பியின் பெயரைச் சொல்லி வைக்கும். அப்போதெல்லாம் வேலூர், சென்னை போன்ற இடங்களில் பழைய குழாயையும் ஆன்டிசீரத்தையும் அலமாரியிலிருந்து எடுக்கிறார்கள். அங்கே ரேக் ஓய்வு பெற்ற தாத்தாவாகத் திண்ணையிலாவது உட்கார்ந்திருக்கிறது.

சிற்றூரில் நடந்தது வேறு. ரேக் போனது, அதன் இடத்துக்கு எதுவும் வரவில்லை. லட்சக்கணக்கில் விலை போகும் இயந்திரத்தை மருந்துக்கடை மாடியில் யார் வைப்பார்கள்? மீடியா டப்பாவைத் திறந்தால் காலாவதிக்குள் தீர்க்க வேண்டும், ஆன்டிசீரத்துக்கு ஃபிரிட்ஜ் வேண்டும், தரம் பார்ப்பதற்குப் பெயர் தெரிந்த கிருமியைத் தனியாக வளர்த்து வைத்திருக்க வேண்டும், நான்கு நாள் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு கல்ச்சர் வந்தால் கட்டுப்படியாகாது. முதலாளிகளைக் குறை சொல்லிப் பயனில்லை. சாம்பிள் கலெக்‌ஷன் சென்டர்கள் வந்தன. மாலை வண்டியில் ரத்தமும் சிறுநீரும் சென்னைக்குப் போகின்றன. சிறுநீரை அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, இல்லையென்றால் குளிரில் வைக்க வேண்டும் என்பது பாலபாடம். எங்கள் ஊர் மே மாத வெயிலில், பெட்டியில் ஐஸ் இல்லாமல் போகும் சிறுநீரில் பாக்டீரியா வழியிலேயே பெருகிவிடும். சென்னையில் எவ்வளவு நல்ல இயந்திரம் இருந்தும் என்ன?

கல்ச்சருக்குப் பதிலாக ஊர்தோறும் அரியணை ஏறியது வைடால். ஃபெர்னான் வைடால் 1896-இல் கொண்டுவந்த சோதனை. அதுவும் கிழம்தான், ஆனால் பத்து நிமிடத்தில் முடியும். கிருமியைத் தேடாமல், கிருமிக்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருளைத் தேடுகிறது. டைபாய்டு அடிக்கடி வந்துபோகும் நம் ஊர்களில் நல்ல ஆரோக்கியமான ஆளின் ரத்தத்திலும் அது கொஞ்சம் இருக்கலாம். ஒரே ஒருமுறை எடுத்த வைடாலை வைத்து டைபாய்டு என்று முடிவு கட்டக் கூடாது என்று மருத்துவப் புத்தகங்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகின்றன. ரத்தக் கல்ச்சரும் தப்பாத கருவி அல்ல. பத்து டைபாய்டு நோயாளிகளில் ஐந்தாறு பேரைத்தான் பிடிக்கும். ஆனால் பிடித்தால் ஆளைப் பெயரோடு பிடிக்கும், எந்த மருந்துக்கு அடங்கும் என்றும் சொல்லும். வைடாலுக்கு அந்த இரண்டாவது வித்தை சுத்தமாகத் தெரியாது.

பெயர் தெரியாமல் கொடுக்கும் மருந்து எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தொலைவில் தேட வேண்டாம். கடைசி அஸ்திரமாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையும் முறிக்கும் என்.டி.எம்.-1 மரபணுவைப் பற்றி 2010-இல் லான்செட்டின் தொற்றுநோய் இதழில் வந்த ஆய்வில், முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. அதில் சென்னையிலிருந்து மட்டும் 44 கிருமிகள். அதன் பிறகு கிருமிகளின் மருந்து எதிர்ப்பைத் தடுக்க 2012-இல் சென்னைப் பிரகடனமும், 2014 மார்ச்சில் ஹெச்1 அட்டவணை என்ற சட்டமும் வந்தன. சிவப்புக் கோடு போட்ட மாத்திரை அட்டையை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. நல்லது. ஆனால் சீட்டு எழுதும் மருத்துவர், எந்தக் கிருமி என்று தெரிந்துகொள்ள விரும்பினால், பக்கத்துத் தெருவில் யாரிடம் கேட்பார்?

பழைய ரேக்கை அப்படியே திரும்ப வைக்கச் சொல்லவில்லை. தாலுகா அளவிலாவது ஓர் இன்குபேட்டர், மெக்காங்கித் தட்டு, நாலைந்து குழாய்கள், மருந்து தோய்த்த காகித வட்டுகள், அவற்றைப் படிக்கத் தெரிந்த ஒரு டெக்னீஷியன் இருந்தால் சிறுநீர்த் தொற்றில் பெரும்பகுதிக்கு உள்ளூரிலேயே பெயர் சொல்லிவிடலாம். அரசு ஆய்வகங்களுக்கு இது பெரிய செலவில்லை. படிக்கத் தெரிந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே செய்தால் நல்லது. எங்கள் சீனியர் கண்புரை அறுவை செய்துகொண்டு வீட்டில் இருக்கிறார்; கூப்பிட்டால் சொல்லிக்கொடுக்க வருவார்.

அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காய்ச்சலுக்கோ சிறுநீர் எரிச்சலுக்கோ ஆன்டிபயாடிக் எழுதித் தந்தால், முதல் மாத்திரையை விழுங்கும் முன், கல்ச்சருக்குக் கொடுத்துவிட்டுத் தொடங்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். உடனே மருந்து தொடங்க வேண்டிய அவசரம் என்று அவர் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுத்த மாதிரி எத்தனை மணிக்கு வண்டி ஏறுகிறது, பெட்டியில் ஐஸ் இருக்கிறதா என்று கலெக்‌ஷன் சென்டரில் விசாரியுங்கள். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் "பாசிட்டிவ்" என்பதோடு நிற்காமல், கிருமியின் பெயர் எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.